பழைய 1113 லாரி: பெயின்ட் காய்ந்த பிறகு வரும் ஆண்டுகள்

பழைய லாரியைப் புதுப்பித்தவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்றில் வண்டி புல் முளைத்த மூலையில் துருவோடு நிற்கும்; மற்றொன்றில் பெயின்ட் வாசனையோடு பளபளவென்று நிற்கும். அதற்கப்புறம் அது என்ன ஆனது என்று கேட்டால் பதில் வராது. பாதிப் பேர் விற்றிருப்பார்கள், மீதிப் பேர் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். என் 1983 மாடல் மெர்சிடிஸ் 1113-ஐப் புதுப்பித்து முடித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனின் உப்புக்காற்றிலும் மழையிலும் அது இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை, பணம் எங்கே போகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1113 என்றால் சுமையோடு சேர்த்து 11 டன், ஏறக்குறைய 130 குதிரைசக்தி. குட்டை மூக்கும் உருண்டை விளக்குகளும் கொண்ட இந்த வடிவம் ஜெர்மனியில் 1959-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் மெர்சிடிஸ் வண்டிகளைக் கோத்து இறக்கிய ஊர் ஈஸ்ட் லண்டன். நான் லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரிக்காரன். டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954-இல் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969-இல் கூட்டு முடிந்து முகப்பிலிருந்த நட்சத்திரம் போனது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் எல்லா டாட்டாவையும் பென்ஸ் என்றே சொன்னார்கள். ஆகவே டர்பனுக்கு வடக்கே ஸ்டாங்கருக்கு அப்பால் ஒரு கரும்புத் தோட்டத்தின் கொட்டகையில் இந்த வண்டியைப் பார்த்தபோது, வாங்கலாமா என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. யோசித்ததெல்லாம் அதன் எஞ்சினைப் பற்றித்தான்.

அந்த எஞ்சினுக்கு ஓர் அரசியல் கதை இருக்கிறது. 1977-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தது. அடுத்து டீசல் எஞ்சினும் கிடைக்காமல் போய்விடும் என்று அன்றைய நிறவெறி அரசு அஞ்சியது. கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸ் என்ற ஊரில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையைக் கட்டி, பெர்கின்ஸ், டைம்லர்-பென்ஸ் இரண்டின் வடிவங்களையும் உரிமம் வாங்கி வார்த்தது. பிறகு இறக்குமதி எஞ்சின்களின் மேல் வரியை ஏற்றி, லாரி விற்கிற எல்லோரையும் இதையே வாங்க வைத்தது. ஜப்பானிய லாரிகள்கூட இந்த உள்ளூர் எஞ்சினோடு விற்றன. விலை அதிகம் என்று அன்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து அதன் பலனை அனுபவிப்பவர்கள் என்னைப் போன்ற பைத்தியக்காரர்கள். ஒரே எஞ்சினை நாடு முழுவதும் லாரி, பஸ், தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர் என்று பூட்டியதால், என் வண்டியிலுள்ள ஏ.டி.இ. 352-க்கு (ஏ.டி.இ. என்பது அட்லாண்டிஸ் டீசல் எஞ்சின்ஸ்) பிஸ்டன், லைனர், கேஸ்கெட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. ஒரு கெட்ட அரசின் பயம் ஒரு நல்ல உதிரிபாகக் கடையாக மிஞ்சியிருக்கிறது.

பழைய லாரி வாங்க நினைப்பவர் அழகையும் அபூர்வத்தையும் கடைசியில் பார்க்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது பாகம் கிடைக்குமா என்பது. பெட்ஃபோர்டு அழகான வண்டி. இந்துஸ்தான் பெட்ஃபோர்டு ஓடிய சாலைகளில் வளர்ந்தவனுக்கு அதன் முகத்தைக் கண்டால் மனம் இளகும். ஆனால் அதைச் செய்தவர்களே போய்விட்டார்கள், பாகங்களைத் தேடித்தேடிச் சேர்க்க வேண்டும். ராணுவம் ஏலம் விட்ட சாமில் லாரிகள் மலிவாக வரும். அவற்றில் பலவற்றில் தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் டாய்ட்ஸ் எஞ்சின் இருக்கும், உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு டயரும் டீசலும் போட்டுக் கட்டுப்படியாகாது. 1113-க்கு பிரேசிலும் துணை இருக்கிறது: அங்கே இதே லாரி பெருமளவில் விற்றதால் பாகங்கள் அங்கிருந்தும் வருகின்றன. டாட்டாவின் 697 எஞ்சினும் இதுவும் ஒரே அளவு, 97 மில்லிமீட்டர் விட்டம், 128 மில்லிமீட்டர் ஓட்டம், 5,675 சி.சி. என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். அதை நம்பி யாரும் சேலத்திலிருந்து பெட்டி கட்ட வேண்டாம். அளவு ஒன்றானாலும் பாக எண்ணைச் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றிப் புகார் ஒன்றும் இல்லை. காலையில் முதல் கிளப்பலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், எஞ்சின் தண்ணீர் சூடாகும் முன்பே அடங்கிவிடும். வால்வு மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசியும், துடைப்பேன். லிட்டருக்கு நான்கரை கிலோமீட்டர் தருகிறது, வெறும் வண்டியாகப் போனால் ஐந்தைத் தொடும். எதிர்பாராமல் தொல்லை கொடுத்தது டீசல். இன்று விற்கும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. காற்றுக்கு அது நல்லதுதான். அந்தக் காலத்து ரப்பர் சீல்களோ சுருங்கிக் கசியத் தொடங்கின. பம்பின் சீல்களையும் குழாய்களையும் புதிய ரகத்துக்கு மாற்றிய பிறகு கசிவு நின்றது. டாங்கை எப்போதும் நிரப்பியே வைக்கிறேன். பாதி காலியாக விட்டால் டர்பனின் ஈரக்காற்று உள்ளே நீராக இறங்கி, அதில் பூஞ்சை பிடித்து, ஃபில்டரை அடைத்துவிடும்.

இதில் தொடங்கிய சந்தேகம் ஒவ்வொரு பாகத்திலும் உறுதியானது. ஓட்டத்தால் தேய்ந்ததைவிட நின்றதால் கெட்டதே அதிகம். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே பெரிய உண்மை இதுதான். முக்கியமாக பிரேக். இந்த வண்டியில் காற்றழுத்தம் உதவிக்கு மட்டுமே. சக்கரம் வரை போய் ஷூவைத் தள்ளுவது பிரேக் ஆயில். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடாமல் நின்றால் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் நின்ற இடத்திலேயே துரு கட்டும். பிறகு ஒரு சக்கரம் பிடிக்கும், ஒரு சக்கரம் பிடிக்காது. புதிதாகப் போட்ட சிலிண்டர்களே ஒரு குளிர்காலம் சும்மா நின்றதில் இறுகிக்கொண்டன. அதிலிருந்து இரண்டு பழக்கம்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றுவது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு நாளாவது நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுவது. காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் திறந்துவிடுவது சங்ககிரியில் கிளீனர் பையனுக்குக்கூடத் தெரிந்த வேலை. அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கில் நான் கஞ்சத்தனம் காட்டாததற்கு இந்த ஊரின் நில அமைப்பே காரணம். டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் எங்கே போனாலும் ஏற்றம். திரும்பும்போது அத்தனையும் இறக்கம். பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் 2013 செப்டம்பர் 5-ஆம் தேதி கட்டுப்பாடு இழந்த ஒரு சரக்கு லாரி மினிபஸ் டாக்சிகளின் மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். பிறகு அந்தச் சாலையில் பெரிய லாரிகளுக்குத் தடை வந்தது. என் வண்டி அந்த அளவுக்குப் பெரியதல்ல. ஆனாலும் அந்தச் சரிவில் இறங்கும்போதெல்லாம் மேலேயே கியரைக் குறைத்துவிட்டு, புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பொத்தானை, கேபின் தரையில் இருப்பதை,க் குதிகாலால் அழுத்தியபடியே இறங்குவேன். கால் பிரேக் கடைசிக்குத்தான்.

டயர் அடுத்த செலவு; உண்மையில் எல்லாவற்றிலும் பெரிய செலவு. 9.00-20 அளவு, டியூபும் ஃபிளாப்பும் வேண்டும், ஸ்டெப்னியோடு ஏழு. பொழுதுபோக்கு வண்டியில் பட்டன் (தரையில் படும் முகப்பு) தேய்வதே இல்லை, பக்கச் சுவர் வெடிக்கிறது. டயர் விற்பவர் பட்டனைக் காட்டுவார். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணை நீங்கள் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரை லாக் ரிங் என்ற இரும்பு வளையம் பிடித்திருக்கும் சக்கரம் என்பதால் பாதுகாப்புக் கூண்டு இல்லாத கடையில் நான் காற்று அடிப்பதில்லை. ரிங் தெறித்தால் தலை மிஞ்சாது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதை ஒரு முதியவரின் புலம்பலாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

தகர வேலை டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் நடந்தது. செய்தவர் எழுபதைத் தாண்டிய தமிழர். டர்பனில் இந்தியர்கள் நடத்திய தனியார் பஸ் கம்பெனிகளின் பட்டறையில் சிறுவயதில் சேர்ந்தவர். குடும்பம் நிறவெறிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு சாட்ஸ்வர்த் வந்தது. அவருக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். கோபம் வந்தால் தமிழ் திரும்பி வரும். படிக்கட்டின் உட்புறம், கண்ணாடிச் சட்டத்தின் அடி, மட்கார்டின் மடிப்பு என்று துரு ஒளியும் இடங்களை எல்லாம் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே சொன்னார். புட்டி வைத்து மூடலாமே என்று நான் கேட்டதற்கு அந்தக் கோபத் தமிழ் கிடைத்தது. அவர் வெட்டிப் புதுத் தகடு வைத்த இடங்கள் ஒன்றுகூட இன்றுவரை கொப்புளிக்கவில்லை. வேறோர் இடத்தில் அவசரமாகச் செய்து வாங்கிய கதவின் அடிப்பகுதி இரண்டாம் மழைக்கே பூத்துவிட்டது. பழைய பிரேக் லைனிங்கைக் கழற்றும்போது தூசியை ஊத விடமாட்டார். ஈரத்துணியும் முகமூடியும் போட்டுத்தான் தொட வேண்டும். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஒரு காலத்தில் உலகுக்கே அஸ்பெஸ்டாஸ் தோண்டிக் கொடுத்த இந்த நாடு 2008-இல் அதைத் தடை செய்தது.

பின்பக்கத் தளத்துக்கு, இங்கே சாலிக்னா என்று விற்கிற யூக்கலிப்டஸ் பலகை போட்டேன். நாமக்கல் பாடி கட்டுகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் எண்ணெய் பூசிப் பூசி நன்றாகவே உழைக்கிறது.

காகித வேலை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் உரிமம் போதாது, கோட் 10 என்ற லாரி உரிமம் வேண்டும். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி என்பதால் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை. பக்கத்திலும் பின்னாலும் மஞ்சள் ஒளிர்பட்டை, பின்னால் 80 என்ற வேகப் பலகை. பழைய வண்டியின் அழகில் மஞ்சள் பட்டை உறுத்துகிறது என்று வருந்தும் சக ரசிகர்களை எனக்குத் தெரியும். இரவில் அவர்கள் வண்டிக்குப் பின்னால் வருகிறவர்களின் உயிரைப் பற்றியும் கொஞ்சம் வருந்தலாம். எஞ்சின் மாறியிருந்தால் பதிவேட்டிலுள்ள எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் பொருந்துகிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

நிறுத்த இடம்தான் எல்லோரும் மறக்கும் விஷயம். குடியிருப்புத் தெருவில் லாரியை இரவெல்லாம் நிறுத்தினால் அக்கம்பக்கம் விடாது, நகராட்சியும் விடாது. கிளேர்வுட்டில் ஒரு லாரி யார்டில் மூலை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தமிழர்களும் மற்ற இந்தியர்களும் காய்கறி பயிரிட்டு, வீடு கட்டி வாழ்ந்த ஊர் அது. தொழிற்பேட்டையாக அறிவித்த பின் வீடு வீடாகக் கரைந்து இப்போது பெரும்பாலும் லாரிகள் நிற்கின்றன. என் வண்டி நிற்கும் இடத்திலும் ஒரு காலத்தில் யாருடைய அடுப்போ எரிந்திருக்கும். அந்த எண்ணம் வாடகை கட்டும்போதெல்லாம் வருகிறது; வந்தாலும் கட்டிவிட்டுத்தான் வருகிறேன். சர்தார் ரோட்டில் முருகன் கோயில் மட்டும் அசையாமல் இருக்கிறது.

அந்தக் கோயில் இருப்பதால்தான் என் லாரி நிற்காமல் ஓடுகிறது என்றும் சொல்லலாம். தைப்பூசக் காவடிக்கு அரிசி, பாத்திரம், தண்ணீர்த் தொட்டி, சுகர் பீன்ஸ் மூட்டைகள் என்று ஏதாவது ஏற்ற வேண்டியிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது கூப்பிடுவார்கள். கூலி வாங்குவதில்லை, டீசல் போட்டுவிடுவார்கள். கண்காட்சிக்கென்றே வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை டிரெய்லரில் ஏற்றிப் போய் நிறுத்துவார். அவர் வண்டியின் குரோமியம் என்னுடையதைவிட மேல், வீல் சிலிண்டரோ ஒவ்வோர் ஆண்டும் புதிது. வேலையில்லாத லாரி ஆண்டுக்கு ஆண்டு விலையேறும் ஒரு நோயாளி.

ஓட்டும் அனுபவத்தைக் கேட்டால்: பவர் ஸ்டீயரிங் இல்லை, நின்ற இடத்தில் திருப்பினால் தோள் பேசும். கேபினில் சூடு, இரைச்சல். எண்பதுக்கு மேல் போக அதற்கும் மனமில்லை, சட்டமும் விடாது. என் மனைவி டோங்காட் வரை வருவாள், அதற்கு மேல் காரில் வருவதாகச் சொல்லிவிட்டாள். எனக்கோ மூன்றாம் கியரில் ஏற்றம் பிடிக்கும்போது வரும் அந்தச் சத்தம் ஒன்றே போதும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: வண்டிக்குக் கொடுக்கும் விலையைப் போல இன்னொரு பங்கு டயருக்கும் பிரேக்குக்கும் எடுத்து வையுங்கள், கூரையுள்ள இடத்தைப் பேசி முடியுங்கள், அதற்கு மாதாமாதம் என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்று எழுதிவைத்துவிட்டு முன்பணம் கொடுங்கள். என் பக்கத்தில் இப்போது பாக்கி இருப்பது முன் அச்சின் கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் முளை. இரு பக்கமும் ஆட்டம் தெரிகிறது. பாகம் வந்துவிட்டது, பழைய பின்னைத் தள்ளி எடுக்கப் பெரிய பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் நாள் கிடைக்க வேண்டும். அடுத்த தகுதிச் சோதனைக்கு முன் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.