முறைசார் மீளாய்வைக் கற்க எது ஏற்றது: இணையவழிப் பயிற்சியா, குழுவில் இரண்டாம் மீளாய்வாளர் பணியா?

உடல்நல உளவியலில் முறைசார் இலக்கிய மீளாய்வு, அதாவது ஒரு கேள்வி பற்றி வெளியான ஆய்வுகளை முன்வகுத்த முறைப்படி தேடித் தேர்ந்து தொகுக்கும் வேலை, செய்யக் கற்றுக்கொள்ள விரும்பும் ஆராய்ச்சி மாணவருக்கு மூன்று வழிகள் உள்ளன. கையேட்டைப் படித்துத் தனியாகத் தொடங்கலாம். இணையவழிப் பயிற்சியில் சேரலாம். நடந்துகொண்டிருக்கும் ஒரு மீளாய்வுக் குழுவில், முதலாமவர் பார்க்கும் அதே ஆய்வுகளைத் தனியே மதிப்பிடும் இரண்டாம் மீளாய்வாளராக இணையலாம். நான் பயிற்சி ஒன்றை முடித்தபின் மூன்றாவது வழிக்குச் சென்றேன்; இப்போது யார் கேட்டாலும் அதையே பரிந்துரைக்கிறேன். இந்தச் சாய்வுக்கு அடிப்படையான காரணம் ஒன்றே என்பதால், மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி அதற்கு வந்துவிடுகிறேன்.

தனியாகக் கற்பதற்கு நூல்கள் இல்லாத குறை இல்லை. மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் கையேட்டை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அறிக்கை எழுத 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020 சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஆய்வு நெறிமுறையை, அதாவது மீளாய்வைச் செய்யப்போகும் முறையின் திட்டத்தை, முன்கூட்டியே பதிவுசெய்ய பிராஸ்பெரோ பதிவேடு 2011 முதல் இயங்கிவருகிறது. ஆனால் ஆய்வுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் குறைந்தது இருவர், ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல், செய்ய வேண்டும் என்று அந்தக் கையேடே கூறுகிறது. தனியாளாகச் செய்பவர் அந்த இடத்திலேயே முறையிலிருந்து விலகிவிடுகிறார். எனவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

பயிற்சியின் பலம் அதன் ஒழுங்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் நடத்தும் அறிமுகப் பாடமும், காக்ரேனின் இணையவழிப் பாடத்தொகுதிகளும், கேள்வியை வடிவமைப்பதில் தொடங்கி பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல்வழி ஒன்றாக்கும் மெட்டா அனாலிசிஸ் வரை முழுப் பாதையையும் வரிசையாகக் காட்டுகின்றன. குறிப்பாகப் புள்ளியியல் பகுதியைப் பயிற்சியில் கற்பதே நல்லது. ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டை ஐ-ஸ்கொயர் மதிப்பு எப்படிக் காட்டுகிறது என்பதை, வேலை நெருக்கடியில் இருக்கும் ஒரு குழுவில் யாரும் அமர்ந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். தேடலும் அப்படித்தான். மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடல் தளமான பப்மெட்டின் மெஷ் தலைப்புச் சொற்கள் வேறு, உளவியல் தளமான சைக்இன்ஃபோவின் சொற்றொகுதி வேறு. ஒன்றுக்கு எழுதிய தேடலை மற்றொன்றில் அப்படியே இட முடியாது என்பதைப் பயிற்சி தெளிவாகச் சொல்லித்தருகிறது.

பயிற்சியால் தர முடியாதது கருத்து வேறுபாடு. அதன் மாதிரிப் பணிகளுக்குச் சரியான விடை முன்கூட்டியே இருக்கிறது. நம் விடை அதனோடு பொருந்துகிறதா என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. உண்மையான மீளாய்விலோ, ஒரே கட்டுரையை இருவர் படித்து இருவேறு முடிவுகளுக்கு வருகிறார்கள், இருவருமே தங்கள் முடிவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். மீளாய்வு செய்யும் திறன் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தக் காரணம் சொல்லலில்தான் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுச்சுருக்கங்களைச் சலித்தெடுக்கும் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1000 சுருக்கங்களில் 940ஐ இருவரும் நீக்குகிறார்கள், 20ஐ இருவரும் சேர்க்கிறார்கள், 20ஐ முதலாமவர் மட்டும், இன்னொரு 20ஐ இரண்டாமவர் மட்டும் சேர்க்கிறார்கள் என்று கொள்வோம். உடன்பாடு 96 விழுக்காடு. கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் தற்செயலாகவே அமையக்கூடிய உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா அளவு இங்கே ஏறத்தாழ 0.48 மட்டுமே, ஏனெனில் பெரும்பாலானவை யார் பார்த்தாலும் நீக்கப்பட வேண்டியவை. அந்த 40 சுருக்கங்களை முன்வைத்து இருவரும் பேசும்போது, எந்த ஆய்வுகளைச் சேர்க்கலாம் என்று சொல்லும் தகுதி வரையறையில் எந்தச் சொல் இருபொருள் தருகிறது, எந்த வகை ஆய்வை நெறிமுறை எண்ணிப் பார்க்கவே இல்லை என்பவை வெளிப்படுகின்றன. வரையறையைத் துல்லியமாக எழுதுவது எப்படி என்பதை எந்தக் காணொளியையும்விட இந்த 40 சுருக்கங்கள் நன்றாகக் கற்பிக்கின்றன.

உடல்நல உளவியலில் இது இன்னும் கூர்மையாகிறது, ஏனெனில் இங்கே ஆராயப்படும் இடையீடு, அதாவது பங்கேற்பாளருக்கு வழங்கப்படும் சிகிச்சை அல்லது உதவி, பெரும்பாலும் மாத்திரை அன்று. பேச்சு, திட்டமிடல், நினைவூட்டல் போன்றவற்றின் கலவை. அதைப் பகுத்துக் குறியிட, 2013இல் வெளியான நடத்தை மாற்ற உத்திகளின் வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது. அதில் 16 தொகுதிகளில் 93 உத்திகள் உள்ளன. ஓர் ஆய்வறிக்கை, 'பங்கேற்பாளர்கள் உடற்பயிற்சி இலக்கு வகுத்துக்கொண்டனர்' என்று எழுதுகிறது. இலக்கு நடத்தையைப் பற்றியதா, உடல் எடை போன்ற விளைவைப் பற்றியதா என்பதைப் பொறுத்துக் குறியீடு மாறும். நடத்தை இலக்கில் நேரம், சூழல், கால அளவு போன்றவை குறிப்பிடப்பட்டிருந்தால், செயல் திட்டமிடலையும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்கிறது வகைப்பாடு. அறிக்கையிலோ அரை வரிதான் இருக்கும். எவ்வளவு ஊகிக்கலாம், எங்கே நிறுத்திக்கொண்டு கட்டுரையாசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்ற எல்லையை, வேறு முடிவுக்கு வந்த ஒருவரோடு வாதிட்டே அறிய முடிகிறது.

ஓர் ஆய்வின் முடிவு ஒருபக்கமாகத் திரிந்திருக்கும் வாய்ப்பை, அதாவது சாய்வு அபாயத்தை, மதிப்பிடுவதிலும் இதே நிலைதான். அதற்கென 2019இல் வந்த ரோப் 2 கருவியின்படி, பங்கேற்பாளரே தம் நிலையைச் சொல்லும் அளவீடுகளில் விளைவை மதிப்பிடுபவர் அந்தப் பங்கேற்பாளரே ஆவார். புகைபிடிப்பதை நிறுத்த ஆலோசனை பெற்றவருக்குத் தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது தெரியும். அந்த அறிவு அவர் தரும் விடையைப் பாதித்திருக்கக்கூடுமா, பாதித்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதியா என்று கருவி கேட்கிறது. முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் சற்றுக் கவலை. இரண்டாவதற்கும் ஆம் என்றால் உயர் அபாயம். இந்த இடைவெளியை எந்த விதியும் நிரப்பாது. மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு அளவைக்கொண்டு உறுதிசெய்த ஆய்வையும், தொலைபேசியில் கேட்டறிந்த ஆய்வையும் அருகருகே வைத்து விவாதிக்கும் ஒரு குழுக் கூட்டத்தில் கிடைக்கும் தெளிவு, தனியாகப் படித்தபோது எனக்குக் கிடைக்கவில்லை.

குழு வழியிலும் குறைகள் உண்டு. காலம் நீளும்: பிராஸ்பெரோவில் பதிவான மீளாய்வுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு கட்டுரை, ஒரு மீளாய்வு முடிந்து வெளியாகச் சராசரியாக 67.3 வாரங்கள் ஆவதாகக் கணக்கிட்டது. இடையில் சேர்பவருக்குக் கேள்வியும் தேடலும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்தக் கட்டங்களை அவர் தொடவே மாட்டார். அதனால்தான் அந்த இரண்டுக்கும் பயிற்சியை முன்னரே முடிப்பது உதவுகிறது. என் அனுபவம் பெரும்பாலும் பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் சமவாய்ப்புச் சோதனை ஆய்வுகளை அலசிய மீளாய்வுகளோடு நிற்கிறது. நோயாளிகளின் அனுபவங்களைத் தொகுக்கும் பண்புசார் மீளாய்வுகளில், இருவரின் முடிவுகளை ஒன்றாக்குவதற்கு இதே இடம் உண்டா என்பதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே வேறுபட்ட வாசிப்புகளை அப்படியே வைத்துக்கொள்வதற்கும் மதிப்புண்டு. ஏஎஸ்ரிவ்யூ போன்ற, சுருக்கங்களை இயந்திரக் கற்றல்வழி வரிசைப்படுத்தும் மென்பொருள்களையும் நான் சிறிதளவே பயன்படுத்தியிருக்கிறேன்.

குழுவில் சேர முடிவெடுப்பவர், அக்குழு முன்பு வெளியிட்ட மீளாய்வு ஒன்றை மீளாய்வுகளின் தரத்தை மதிப்பிடும் ஆம்ஸ்டார் 2 கருவியின் 16 கேள்விகளைக்கொண்டு சோதித்துப் பார்ப்பது நல்லது. அதுவே ஒரு பயிற்சியும் ஆகும். அதைவிட முக்கியமாக, இருவர் வேறுபடும்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். இருவரும் காரணம் பேசி, தீராதபோது மட்டும் மூன்றாமவரிடம் போவார்கள் என்றால் தயங்காமல் சேரலாம். மூத்தவரின் முடிவே பேச்சின்றி நிற்கும் என்றால், அந்தக் குழுவில் கிடைக்கப்போவது உழைப்புக்கான பெயர் மட்டுமே. அந்நிலையில் பயிற்சியில் சேர்ந்து, உடன் படிக்கும் ஒருவரோடு இணைந்து சிறிய மீளாய்வு ஒன்றைத் தொடங்குவதையே நான் தேர்வேன்.