சௌராஸ்தா மாடியில் பழைய தமிழ்ப் புத்தகங்கள்

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு ஜாதிக்காய் ஊறுகாய் வாங்க வருகிறவர்கள் பலர் மாடி ஏறுவதே இல்லை. பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பயிற்சி நூல்களும் ஆங்கில நாவல்களும்தான் கடைக்காரர்களுக்குப் பிழைப்பு. தமிழ் அடியில் கிடக்கும். நான் வழக்கமாகப் போகும் கடையில், "தேடிப் பாருங்க டீச்சர், இருந்தா இருக்கு" என்று முக்காலியை நகர்த்தி வைத்துவிட்டு பாய் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கப் போய்விடுவார். எனக்கு அதுதான் வசதி.

இந்த முறை கிடைத்தது ஒரு பைண்டு. கல்கி இதழில் 1950 முதல் வந்த பொன்னியின் செல்வன் தொடரை யாரோ வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்திருக்கிறார்கள். மணியத்தின் ஓவியங்கள் அப்படியே இருக்கின்றன. பின் குத்திய இடத்தில் துரு, பக்க ஓரத்தில் கூந்தல் தைல விளம்பரம். முதல் பக்கத்தில் ஒரு தோட்டத்து (எஸ்டேட்) வாசகசாலையின் ஊதா முத்திரை, பாதி அழிந்து. முத்திரை இருந்தால் விலையைக் குறைப்பவர்கள் உண்டு. நானோ அதற்காகவே கூடக் கொடுப்பேன். அந்தத் தோட்டத்தில் யார் யார் கை மாறியதோ! பாய் அறுபது வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், நாற்பத்தைந்துக்கு முடிந்தது.

பதிப்பாண்டுப் பக்கம் கிழிந்திருந்தால் விலையைப் பாருங்கள். இந்தியாவில் அச்சான புத்தகத்தில் அணாக் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. 'லை'க்குப் பழைய எழுத்து முறையின் தும்பிக்கை இருக்கிறதே, பழைய புத்தகம்தான் என்று மட்டும் ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழைய அச்சைக் கைவிடாத அச்சகங்கள் இருந்தன.

நம் புத்தகத்தைக் கடைக்காரரிடம் விற்கப் போனால் கொஞ்சம்தான் தேறும். குறை சொல்ல மாட்டேன், ஒரு தமிழ்ப் புத்தகம் விலைபோக வருஷக்கணக்காகும், வாடகை கட்டுவது அவர்தானே. ஃபேஸ்புக்கில் ஒருவர் "முதல் பதிப்பு" என்று எனக்கு விற்றதற்கு அட்டையே கலர் ஜெராக்ஸ். கையில் எடுத்துப் புரட்டி வாங்குவதற்கு ஈடில்லை.

ரொக்கமாகக் கொண்டுபோங்கள், காலையிலேயே போங்கள், பிறகு வெக்கை. ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். இறால் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வந்தியத்தேவனைப் பார்த்து என் மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, மூடிவிட்டாள்.