பாட்டி அழுத கிளிப் எங்கே? டாவின்சி ரிசால்வில் என் கிளிப் தேடல்

2019-இல் வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் 16-ஆம் பதிப்பு வந்தபோது அதற்கு மாறினேன். கல்யாண வீடியோதான் எனக்குத் தொழில். கலர் நன்றாக வரும் என்றுதான் மாறினேன். ஆனால் இன்றுவரை அதை விடாமல் இருப்பதற்குக் காரணம் அதன் மீடியா பூல், அதாவது கிளிப்பையெல்லாம் சேர்த்து வைக்கும் பகுதி. இரண்டு கேமரா, ஒரு ட்ரோன் என்று வைத்தாலே நலங்கு முதல் ரிசப்ஷன் வரை எழுநூறு, எண்ணூறு கிளிப் சேர்ந்துவிடும். வெட்டுவதைவிடத் தேடுவதற்குத்தான் நேரம் அதிகம் போகும்.

முதல் இரண்டு வருடம் வெறும் பின் மட்டும் போட்டு ஓட்டினேன். ரிசால்வில் ஃபோல்டருக்குப் பெயர் பின். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம் என்று பிரித்து ஒவ்வொரு கிளிப்பாக இழுத்துப் போடுவேன். ஆனால் தாலி ஏறும் நேரத்தில் பெண்ணின் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார் என்றால், அதை முகூர்த்தத்தில் போடுவதா, குடும்பத்தில் போடுவதா, ஹைலைட்ஸில் போடுவதா? இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். "அண்ணா, பாட்டி அழுதது மட்டும் தனியா வேணும்." பாட்டி முந்தின வாரம் தவறிவிட்டாராம். ஒரு மதியம் முழுக்க ஓட்டி ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம்தான் ஸ்மார்ட் பின்னை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இப்போது சாதாரண பின்கள் கார்டு வாரியாக மட்டும்: கேமரா ஒன்று, கேமரா இரண்டு, ட்ரோன். போட்டதோடு சரி, அவற்றைத் தொடுவதில்லை. முதல் தடவை பார்க்கும்போதே மெட்டாடேட்டா பகுதியில் (கிளிப் பற்றிய குறிப்புகள் இருக்கும் இடம்) கீவேர்டு அடித்துவிடுவேன்: தாலி, பாட்டி, கண்ணீர். ஸ்மார்ட் பின்னுக்கு நிபந்தனை கொடுத்தால் பொருந்துகிற கிளிப் எல்லாம் தானே வந்து சேரும். கிளிப் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று கீவேர்டுக்கும் ஸ்மார்ட் பின் இருந்தால் மூன்றிலும் தெரியும். இது இலவசப் பதிப்பிலேயே உண்டு.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். பல கிளிப்பைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கீவேர்டு போட்டால் கடைசியில் சேவ் அழுத்த வேண்டும். அழுத்தாமல் நாற்பது கிளிப்புக்கு மறுபடி அடித்திருக்கிறேன். தேடும்போது எல்லா பின்னிலும் தேடுகிறதா, தேர்ந்தெடுத்த பின்னில் மட்டும் தேடுகிறதா என்று பாருங்கள். கிளிப் காணோம் என்று பதறுவதில் பாதி இதனால்தான்.

கீவேர்டை ஆங்கில எழுத்தில் அடிக்காதீர்கள் என்பேன். முகூர்த்தம் என்பதையே நான் மூன்று விதமாக அடித்து, மூன்று கீவேர்டு ஆகிவிட்டது. தமிழிலேயே அடித்து, அடுத்த முறை வரும் பரிந்துரையிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

இரண்டு கேமராவுமே சி0001 என்று எண்ணத் தொடங்குவதால் ஒரே பெயரில் இரண்டு கிளிப் வரும். மீடியா பூலில் கிளிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், டிஸ்க்கில் உள்ள கோப்பின் பெயர் மாறாது.

பிறகு ஸ்டுடியோ பதிப்பும் வாங்கினேன். 295 டாலர், ஒரு தடவை கட்டினால் போதும். முகம் பார்த்து ஆட்களைப் பிரித்துத் தருவது எனக்குப் பெரிய உதவி. "பெண்ணின் மாமா" என்று ஒருமுறை பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். 2023-இல் 18.5 பதிப்பில் பேச்சை எழுத்தாக்கும் வசதி வந்தபோது ஆசையோடு திறந்தேன். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

அதனால் பெரியவர்கள் பேசுகிற இடங்களில் அவர்கள் சொன்னதை அப்படியே கமெண்ட்ஸ் பகுதியில் அடித்து வைக்கிறேன். இப்போது "பதினாறும் பெற்று" என்று தேடினால், விபூதி பூசிய கையோடு அப்படி வாழ்த்திய தாத்தா வந்து நிற்கிறார்.