ஃபேமிகாம் கேசட்டுகள்: கூட்டைப் பார்த்தே பராமரிப்பைத் தீர்மானிப்பது

நிண்டெண்டோவின் வீடியோ கேம் கருவியான ஃபேமிகாமின் கேசட் கையில் வந்ததும் படத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் யார் தயாரித்தது என்று பாருங்கள். 1983 ஜூலையில் ஜப்பானில் இந்தக் கருவி வந்தபின், நாம்கோ, கோனாமி, ஐரெம், ஜலேகோ, சன்சாஃப்ட் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் கேசட்டைத் தாங்களே தயாரித்துக்கொள்ள நிண்டெண்டோ அனுமதித்தது. அதனால் எல்லாமே 60 பின் (உலோகத் தொடுமுனை) கொண்ட ஸ்லாட்டில்தான் உட்காரும் என்றாலும் கூட்டின் வடிவம், திறக்கும் முறை, உள்ளே இருக்கும் சிப் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும்.

ஐரெமின் ஆரம்பகாலக் கேசட்டுகளில் ஒரு சிவப்பு எல்இடி உண்டு. ஃபேமிகாமில் மின்விளக்கே கிடையாது என்பதால், கருவி ஆனில் இருக்கிறதா என்று காட்ட அது மெய்யாகவே உதவும். பின்னால் வந்த பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். எல்இடி எரிந்தும் திரையில் படம் வரவில்லை என்றால் கேசட்டுக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். மற்ற பின்களில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது ஒலி. கருவியின் ஒலி 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் போய், 46ஆம் பின் வழியாகத் திரும்பி டிவிக்குப் போகிறது. சாதாரணக் கேசட்டில் இந்த இரண்டையும் போர்டிலேயே இணைத்திருப்பார்கள். ஆட்டம் நன்றாக ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் கருவியைக் கழற்ற வேண்டாம். 31 முதல் 60 வரையுள்ள வரிசையின் நட்டநடுவில் அருகருகே இருக்கும் இந்த இரண்டு பின்களைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தச் சுற்றுவழியைச் சில நிறுவனங்கள் அருமையாகப் பயன்படுத்தின. 1989இல் வந்த கோனாமியின் அகுமாஜோ டென்செட்சுவில் உள்ள விஆர்சி6 சிப், கருவியின் ஒலியோடு இரண்டு பல்ஸ் சேனலும் ஒரு சாடூத் சேனலும் (அலைவடிவத்தால் பெயர்பெற்ற கூடுதல் ஒலித்தடங்கள்) சேர்க்கிறது. 1991இன் லக்ராஞ்ச் பாயிண்டில் விஆர்சி7 சிப் ஆறு எஃப்எம் (ரேடியோ அல்ல, ஒரு வகை மின்னணு இசை) சேனல்களைத் தருகிறது. அந்தக் கேசட்டின் கூடே மற்றவற்றைவிடப் பெரியது. இவற்றை 72 பின் அடாப்டர் போட்டு, ஜப்பானுக்கு வெளியே விற்ற வடிவமான என்இஎஸ்ஸில் ஓட்டினால் கூடுதல் இசை கேட்காது. அங்கே கேசட் ஸ்லாட்டில் ஒலிக்கான பின்களே இல்லை. நம் ஊரில் விற்ற 60 பின் நகல் கருவிகளிலும் இந்த இணைப்பு எல்லாவற்றிலும் ஒழுங்காக இருக்காது. இந்த இரண்டு ஆட்டங்களுக்காகவே அசல் ஃபேமிகாம் வாங்கலாம் என்பேன்.

துடைக்க 99% ஐசோபுரோபில் ஆல்கஹாலும் காதுக்குச்சியும் போதும். குச்சி கறுப்பாவது நிற்கும்வரை துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். வாயால் ஊதினால் ஈரம் படிந்து பின்கள் அரிக்கும். ஆல்கஹால் லேபிளில் பட்டால் மை கரையும்.

சேமிக்கும் வசதியுள்ள ஆட்டங்களில், 1988இன் டிராகன் குவெஸ்ட் 3 போல, 3 வோல்ட் நாணய பேட்டரி இருக்கும். மல்டிமீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். பழையதை எடுத்ததும் சேமிப்பு அழியும், ஆகவே முதலில் ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். தகடு வெல்டு செய்த பேட்டரியையே வாங்குங்கள். வெறும் பேட்டரியில் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். பழைய பேட்டரியில் என்ன எண் இருக்கிறதோ அதையே போடுங்கள். சிஆர்2025 இருந்த இடத்தில் 0.7 மி.மீ. தடிமன் கூடிய சிஆர்2032 வைத்தால் சில கூடுகள் மூடாது. ஹோல்டர் வைத்தால் இன்னும் மோசம். அணைக்கும்போது ரீசெட்டை அழுத்திக்கொண்டே பவரை அணையுங்கள். மின்னழுத்தம் விழும் நொடியில் பிராசஸர் தாறுமாறாக எழுதிச் சேமிப்பைக் கெடுப்பதை அது தடுக்கும்.

திறப்பதுதான் கடினம். பல கூடுகளில் திருகு கிடையாது, உள்கொக்கிகள் மட்டுமே. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை இணைப்புக்கோட்டில் நுழைத்து, ஒவ்வொரு கொக்கியாக விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விளிம்பில் தழும்பு நிச்சயம்.

மஞ்சளித்த வெள்ளைக் கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் கொண்டு வெளுக்கலாம். சிவப்பு, நீலக் கூடுகளில் அதைச் செய்யாதீர்கள். திட்டுத்திட்டாக நிறம் போகும்.

தங்க நிறப் பஞ்ச்-அவுட் (குத்துச்சண்டை ஆட்டம்) விலைக்கு வந்தால் ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள். 1987இல் கோல்ஃப் வீடியோ கேம் போட்டிப் பரிசாக 10,000 கேசட்டுகள் மட்டுமே கொடுத்தது அது. அதில் கடைசி எதிராளி சூப்பர் மாச்சோ மேன். மைக் டைசன் வந்தால் தங்கக் கூட்டுக்குள் கடைப் பதிப்பின் போர்டை மாற்றி வைத்திருக்கிறார்கள்.