யு.கே. நர்ஸ் வேலைக்கு 4,60,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். சிஸ்டர்ஸ், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்

நேற்று மதியம் இரண்டு மணிக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எனக்கு வேலை கொடுத்ததாகக் கடிதம் வந்த அந்த இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்கு நானே நேராக மெயில் போட்டிருந்தேன். பதில் மூன்றே வரி. இப்படி ஒரு கடிதம் நாங்கள் அனுப்பவில்லை, கையெழுத்துப் போட்டிருப்பவர் பெயரில் இங்கே யாரும் வேலை பார்க்கவில்லை, உங்கள் ஊர் போலீசில் புகார் கொடுங்கள். அவ்வளவுதான். 4,60,000 ரூபாய். ஏழு வருடம் நைட் டூட்டி பார்த்துச் சேர்த்தது, அம்மாவின் நகை, அண்ணனிடம் கைமாற்றாக வாங்கியது, எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் இன்னும் நாலு பிள்ளைகள் அந்த மாடிப்படி ஏறிவிடுவார்கள்.

இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுப்பதற்கு முன் பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். மதுரைப் பக்கம் இருக்கும் ஒரு வெளிநாட்டு வேலை கன்சல்டன்சி. கீழே மருந்துக் கடை, மேலே ஏ.சி. ஆபீஸ், சுவர் முழுக்க விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிற பெண்களின் போட்டோ. இந்த மாதிரி இடம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான் ஒன்றும் தெரியாமல் போய் விழுந்தவள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங், தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் ஏழு வருடம், கையில் வருவது 19,500. ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வில் முதல் தடவை ரைட்டிங்கில் 290 வந்தது. யு.கே. நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. கேட்பது 300. அந்தப் பத்து மார்க்குக்காக மறுபடியும் முப்பதாயிரத்துக்கு மேல் கட்டி எழுதி 320 எடுத்தேன். மற்ற மூன்றிலும் பி கிரேடு. சி.பி.டி. என்கிற கம்ப்யூட்டர் தேர்வுக்கு 83 பவுண்டு, என்.எம்.சி. விண்ணப்பத்துக்கு 140 பவுண்டு, எல்லாம் நானே கட்டினேன். சென்னை சாந்தோமில் இருக்கும் நம் நர்சிங் கவுன்சிலில் இருந்து வெரிஃபிகேஷன் போவதற்காக மதுரையில் இருந்து பஸ் ஏறி இரண்டு தடவை போய் நின்றேன். கடைசியில் என் தகுதி சரி என்று சொல்லும் என்.எம்.சி.யின் டிசிஷன் லெட்டரும் வந்துவிட்டது. இனி ஒரு ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ள வேண்டும், அங்கே போய் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு எழுத வேண்டும், பாஸானால் பின் நம்பர், அதாவது அங்கே நர்ஸாக வேலை பார்ப்பதற்கான பதிவு எண். இத்தனையும் ஒருத்தர் உதவியும் இல்லாமல் செய்து முடித்தவள் நான்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. 2022, 2023-இல் நம் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். அது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ராத்திரி டூட்டியில் பேஷன்ட் தூங்கும் நேரத்தில் போனில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பேன். ஐம்பதுக்கு மேல் போட்டிருப்பேன். ஒன்று பதில் வராது, வந்தால் ஸாரி. ஓ.இ.டி., சி.பி.டி. இரண்டுக்கும் ஆயுள் இரண்டு வருடம்தான். நாள் போய்க்கொண்டே இருந்தது. அப்படி ஒரு நிலைமையில் இருக்கிற பிள்ளைகளைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள்.

அந்த முதல் நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

நைட் முடித்துவிட்டு நேராகப் போயிருந்தேன். காலை பத்து மணி. உள்ளே ஒரு மேடம், ஐம்பது வயது இருக்கும், காட்டன் புடவை. என் ஃபைலைத் தொடவே இல்லை. "நைட்டு முடிச்சிட்டு வர்றியா? சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பையனை அனுப்பி நாலு இட்லி வாங்கிவரச் சொல்லி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு பேச்சே பேசவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஹேண்ட் ரப் போட்டுப் போட்டு என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருக்கும், ஐ.சி.யு.வில் இருப்பவர்களுக்குத் தெரியும். "நானும் பதினஞ்சு வருஷம் வார்டுல நின்னவதான். இந்தக் கைக்கு மாசம் பத்தொன்பதாயிரம்தான் குடுக்குறானா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஏழு வருடத்தில் யாரும் என் கையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பணம் எவ்வளவு என்று நான்தான் கேட்டேன். "இன்னைக்குக் காசு பேச வேண்டாம். வீட்டுல அப்பா அம்மாகிட்டக் கேட்டுட்டு வா. அவங்க வேண்டாம்னா நீ வராத" என்றார். காசு வேண்டாம் என்று சொல்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். படி இறங்கும்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். பணம் நான் பிறகுதான் கொடுத்தேன், ஆனால் ஏமாந்தது அன்றைக்கே.

அக்டோபரில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று 50,000. அதற்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் இன்டர்வியூ. மூன்று நாள் நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று கணக்கிடும் நியூஸ்-டூ ஸ்கோர், செப்சிஸ், மருந்து மாறிப்போனால் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரிக் கேள்வியெல்லாம் படித்து வைத்திருந்தேன். வாட்ஸ்அப் கால். அந்தப் பக்கம் வீடியோ இல்லை, ஒரு ஆண் குரல். பெயர், வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, எப்போது சேர முடியும். ஆறே நிமிடம். நோயாளியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பாஸாகிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

மறுநாளே ஆஃபர் லெட்டர். புதிதாகச் சேரும் நர்ஸுக்கான பேண்ட் ஃபைவ் சம்பளம், வருடம் 31,049 பவுண்டு. அந்தத் தொகை அப்போதைய (2025-26) உண்மையான சம்பள விகிதம்தான், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார்கள். லெட்டர் வந்தது ஜிமெயிலில் இருந்து. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஆஸ்பத்திரி என்றால் மெயில் முகவரி என்.எச்.எஸ். டாட் நெட் அல்லது என்.எச்.எஸ். டாட் யு.கே. என்று முடியும். கேட்டேன். "அது ஹெச்.ஆரோட பர்சனல் ஐடிம்மா, சீக்கிரம் வரணும்னு அனுப்பிருக்காரு" என்றார்கள்.

நவம்பரில் சி.ஓ.எஸ். கட்டணம், அதாவது விசாவுக்குத் தேவையான ஸ்பான்சர் சான்றுக்கு என்று 3,00,000. பணமாகத்தான் வேண்டும் என்றார்கள். அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்து 2,75,000 வாங்கினோம். அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்து வெறுமையாகத் தெரியக்கூடாது என்று மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னும் அப்படித்தான் இருக்கிறார். டிசம்பரில் ஹெல்த் சர்சார்ஜ், அதாவது விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம், முதல் வருடத்துக்கு மட்டும் என்று 1,10,000. ஜிபேயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் இரண்டு நாளாக அனுப்பினேன். போனது கன்சல்டன்சி கணக்குக்கு அல்ல, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. "ஆடிட்டர் அக்கவுண்ட்" என்றார்கள்.

ஆக மொத்தம் 4,60,000.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் யு.கே.வில் கிறிஸ்துமஸ் லீவு. அப்புறம் நியூ இயர். அப்புறம் ஹெச்.ஆர். மாறிவிட்டார். ஃபைல் ப்ராசஸில் இருக்கிறது. போன் செய்தால் ரிசப்ஷன் பெண், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க சிஸ்டர்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. அன்றைக்கு இட்லி வாங்கிக் கொடுத்தவர் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதே இல்லை. அப்பா ஒரு நாள் நேரில் போய் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஒரு பையன் வந்து, "பெரியவரே, இதெல்லாம் ஆன்லைன் விஷயம், உங்களுக்குப் புரியாது, பொண்ண வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டான். என் அப்பா முப்பது வருடம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேருக்கு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்து நானே போனேன். மேடம் வந்தார். இந்தத் தடவை சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. "பாலிசி மாறிடுச்சும்மா. நர்ஸ் போஸ்ட் இப்ப கஷ்டம். கேரர் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம். இன்னும் ஒன்றரை லட்சம் ஆகும்." கேரர் என்றால் முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு வேலை. வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்தக் கேரர் விசா வழியை பிரிட்டன் அரசு 2025 ஜூலை 22-ஆம் தேதியே மூடிவிட்டது. நான் முதல் ரூபாய் கட்டுவதற்கு மூன்று மாதம் முன்பே மூடிய கதவு அது. அதற்கு இன்னும் ஒன்றரை லட்சம் கேட்கிறார். எனக்கு அது தெரியும் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. "அக்ரிமெண்ட்ட வீட்டுல போய்ப் படிச்சுப் பாரு" என்றார்.

வந்து படித்தேன். நான் கையெழுத்துப் போட்ட தாளில் வேலை என்ற சொல்லே இல்லை. ஆவணங்கள் தயாரிக்கும் ஆலோசனைச் சேவை, கட்டணம் திருப்பித் தரப்படாது. அதுவும் 50,000-க்கு மட்டும். மீதி 4,10,000 ரூபாயைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

என் சீனியர் அக்கா ஒருவர் மூன்று வருடமாக யு.கே.வில் நர்ஸாக வேலை பார்க்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டு அவரிடம் சொல்லாமலே இருந்தேன். போன வாரம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "சி.ஓ.எஸ்.ஸுக்கு எதுக்குடி நீ காசு குடுத்த?" அவர் ஆஸ்பத்திரிக்கோ ஏஜென்டுக்கோ ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. விமான டிக்கெட், ஆஸ்கி தேர்வுக்கு 794 பவுண்டு, முதல் மாத ரூம், எல்லாம் ஆஸ்பத்திரி கொடுத்திருக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். சி.ஓ.எஸ். என்பது நமக்கு விற்கிற பொருளே இல்லை. ஆஸ்பத்திரி பிரிட்டன் உள்துறையின் கணினியில் நமக்காகப் போடும் ஒரு பதிவு, ஒரு எண். அதற்கான கட்டணத்தை (2025-இல் 525 பவுண்டு) கட்ட வேண்டியது ஆஸ்பத்திரி. 2024 டிசம்பர் 31-இல் இருந்து அந்தக் காசை நம் தலையில் கட்டினால் அவர்களின் ஸ்பான்சர் லைசென்ஸே போய்விடும். வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்சி காசு வாங்கக்கூடாது என்று அந்த நாட்டில் 1973-லேயே சட்டம். அந்த ஹெல்த் சர்சார்ஜ், அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். நர்ஸ்கள் போகிற ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு அந்தக் கட்டணமே கிடையாது. இல்லாத கட்டணத்துக்கு என்னிடம் 1,10,000 வாங்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். என்னிடம் 4,60,000.

என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். எட்டு மணிக்கு டூட்டி ஏற வேண்டும், அதனால் அவசரமாகச் சொல்கிறேன். யு.கே. நர்ஸ் வேலைக்கு யார் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு ஸ்பான்சர் லைசென்ஸ் இருக்கிறதா என்பது பிரிட்டன் அரசு தளத்திலேயே பட்டியலாக இருக்கிறது, பார்ப்பதற்குக் காசு இல்லை. அதோடு நிற்காமல் ஆஸ்பத்திரியின் சொந்த வெப்சைட்டில் இருக்கும் முகவரிக்கு நீங்களே மெயில் போட்டுக் கேளுங்கள். நான் மூன்று வரி மெயிலை அக்டோபரிலேயே போட்டிருந்தால் அம்மா கழுத்தில் சங்கிலி இருந்திருக்கும். என்.எம்.சி. கணக்கின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், நேற்று ராத்திரிதான் மாற்றினேன். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். எனக்கு ரொம்பத் தாமதமாகிவிட்டது.

அதே மாதிரி மாடி ஆபீசில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால், வெட்கப்படாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காதீர்கள். ஒருத்தியாகப் போவதைவிட நாலு பேராகப் போய்ப் புகார் கொடுக்கலாம். நாளைக் காலை டூட்டி முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கமிஷனர் ஆபீஸ் போகிறேன். மனுவை அப்பாவே கைப்பட எழுதி வைத்திருக்கிறார், நாலு பக்கம்.