கேஸ் விழுந்த லைசென்ஸோடு லாரிக்குப் போக உதவிய ஹெவி டிரைவிங் ஸ்கூல்

நாமக்கல்லில் ஹெவி (கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) எடுத்து லாரிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் என்னைப் போல ஏற்கெனவே ஒரு கேஸ் விழுந்து, இனி யார் வண்டி கொடுப்பார்கள் என்று கலங்கி நிற்பவர்களுக்காக. ஸ்கூல் பெயரைப் போடவில்லை. மாஸ்டர் ஒருவரே நடத்துகிறார், ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை, கூட்டம் சேர்ந்தால் ஒழுங்காகச் சொல்லித்தர முடியாது, பெயர் வேண்டாம் என்றார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இருக்கும் பக்கம் போய், பழைய லேலண்டு வைத்து ஹெவி கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

என் கேஸை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 பொங்கல் சமயம் ராசிபுரத்தில் குடித்துவிட்டு பைக்கில் வரும்போது பிடித்து ஊதச் சொன்னார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் சட்டம் விட்ட அளவு, எனக்கு 80-ஐத் தாண்டிக் காட்டியது. கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம், அம்மாவின் கம்மலை அடகு வைத்துத்தான் கட்டினோம். அப்புறம் ஆர்டிஓ ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ், மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். யார் மேலும் மோதவில்லை, ஆனால் மோதியிருக்கலாம், அந்த நினைப்பு இன்றும் விடவில்லை. அப்போது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், அந்த வேலையும் போனது. அன்றிலிருந்து குடிப்பதில்லை.

சஸ்பென்ஷன் முடிந்த பிறகு ஒவ்வொரு லாரி ஆபீஸாக ஏறினேன். ஹெவி எடுத்துவிட்டு வருகிறேன், வண்டி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். நம் ஊரில் டிரைவர் வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் கிடையாது, “யார் சொல்லி வந்தே?” என்பதுதான் முதல் கேள்வி, பழைய ஓனருக்கு ஒரு போன் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். நாலைந்து இடத்தில் “சொல்லி அனுப்பறோம் தம்பி” என்றார்கள். ஒரு இடத்தில் மட்டும் முகத்துக்கு நேராக, குடித்து மாட்டினவனுக்கு முப்பது லட்ச ரூபாய் வண்டியை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது, ஆனால் அதற்கு என்ன பதில் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் டீக்கடையில் ஒரு புரோக்கர் பிடித்தார். 18,000 கொடு, வேறு மாநிலத்தில் புது லைசென்ஸே எடுத்துத் தருகிறேன், ஹெவியோடு வரும், பழைய கேஸ் எதுவும் தெரியாது என்றார். பணம் புரட்டக் கிளம்பிவிட்டேன் என்பதுதான் உண்மை. நல்லவேளையாக அதற்குள் இந்த மாஸ்டரிடம் போனேன். அவர் கத்தவில்லை, உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு லைசென்ஸ் இருக்கும்போது இன்னொன்று வைத்திருக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. லைசென்ஸ் விவரம் எல்லாம் சாரதி என்ற ஒரே கணினி அமைப்பில் நாடு முழுவதும் சேர்ந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் லைசென்ஸைத்தான் தோண்டும், அது செல்லாது என்றால் அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓனரிடம் திருப்பிக் கேட்கும். “உன்ன நம்பி வண்டி கொடுத்தவன் வீடு போயிரும் தம்பி” என்றார். புரோக்கருக்கு நான் திரும்பப் போன் செய்யவில்லை.

சரி, ஸ்கூலைப் பற்றி. கட்டணம் என்னிடம் 12,000 வாங்கினார், இரண்டு தவணை. எல்எல்ஆர், டாக்டர் சான்று, டெஸ்டுக்கான அரசுக் கட்டணம் தனி. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது 20 முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். விதிப்படி ஹெவி பயிற்சி 30 நாள், அதில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவது குறைந்தது 15 மணி நேரம். பல இடங்களில் இது காகிதத்தில்தான் நடக்கும், நான்கு ரவுண்டு ஓட்டியதும் ஃபார்ம் 5, அதாவது பயிற்சி முடித்த சான்று, கையில் வந்துவிடும். இவர் ஒவ்வொருவரின் மணிக்கணக்கையும் நோட்டில் எழுதி நம்மிடமே கையெழுத்து வாங்குகிறார். எனக்கு 19 மணி நேரம் வந்தது, ரிவர்ஸ் சரியாக வரவில்லை என்று கூடுதலாக ஓட்டவிட்டார், அதற்குப் பணம் கேட்கவில்லை.

அந்த நோட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு கேட்டில் நுழைந்ததும் எல்லோரும் ஒரு சின்ன மெஷினில் ஊத வேண்டும், எனக்காக வைத்ததல்ல, கேஸே இல்லாத பையனும் ஊதுவான், மாஸ்டரும் ஊதுவார். வந்த நேரம், ஊதியதில் வந்த அளவு, அன்றைக்கு ஓட்டிய மணி, மூன்றும் அவரவர் பக்கத்தில் ஏறும். முதல் நாள் எனக்கு அது கேவலமாக இருந்தது, போலீஸ் நிறுத்திய அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. பத்து நாள் போன பிறகு, என் பெயருக்கு நேராகப் பூஜ்யம் பூஜ்யமாக இறங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது மனதுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சேர்ந்த முதல் வாரமே காகிதங்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். கோர்ட்டில் அபராதம் கட்டிய ரசீது, ஆர்டிஓ போட்ட சஸ்பென்ஷன் உத்தரவு, அது முடிந்த பிறகு முடித்த ரெஃப்ரெஷர் பயிற்சிச் சான்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சி முடிக்காமல் லைசென்ஸைத் திருப்பித் தர சட்டத்தில் இடமில்லை, அதனால் சான்று இருக்கும், ஆனால் பாதிப் பேர் அதைத் தொலைத்துவிடுகிறோம். என் கோர்ட் ரசீதும் எங்கோ போயிருந்தது, கேஸ் நம்பரை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடி எடுத்து, அதை வைத்து நகல் கேட்டு வாங்க வைத்தார். பைக் மேல் கட்டாத இ-சலான் இரண்டு கிடந்தன, அதையும் கட்டச் சொன்னார். எல்லாம் ஒரே ஃபைலில், கேஸ் காகிதம் மேலே, லைசென்ஸ் நகல் கீழே. ஓனர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நாமே எடுத்து நீட்ட வேண்டும் என்பதில் அவர் ரொம்பப் பிடிவாதம்.

ஓட்டுவதில் எனக்குப் பெரிதாக உதவியது தொப்பூர் கணவாய். மாஸ்டருக்குச் சொந்தமாக ஒரு டாரஸ் லாரி இருக்கிறது, தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வரும். அது வரும் நாளில் எங்களை பஸ்ஸில் தருமபுரிக்கு வரச்சொல்லி, கேபினில் ஏற்றி, அவரே கணவாயில் இறக்கிக் காட்டினார். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போதுதான் அந்த இறக்கம், என்ஹெச் 44-இல் எத்தனை குடும்பம் அங்கே போயிருக்கிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து சூடேற்றிச் செத்துப்போக வைப்பதும்தான் அங்கே பாதி விபத்துக்குக் காரணம் என்பார். மேட்டில் ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு, எக்ஸாஸ்ட் பிரேக்கை (இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போடு, கால் பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. வண்டியும் லோடுமாக 28.5 டன் தள்ளும்போது இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு, யார்டில் கேட்பது வேறு. இந்த ஒரு நாளுக்காகவே 12,000 கொடுக்கலாம்.

குறையும் இருக்கிறது. வண்டி மிகப் பழையது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பிஎஸ்6 என்ற புது புகை விதிப்படி வந்த வண்டி, அதற்கு டீசல் போக யூரியாக் கரைசலும் தனி டேங்கில் ஊற்ற வேண்டும், அது தீர்ந்தால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும், மீட்டரில் விளக்கு விளக்காக எரியும். இதையெல்லாம் ஸ்கூலில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் டிரிப்பில் ஆந்திராவில் அந்த விளக்கு எரிந்தபோது நான் பயந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டேன், கூட வந்த அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லைப் பற்றியும் சொல்லித்தந்திருக்கலாம், அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும் என்ற கணக்கு தெரியாமல் வழியில் தங்கிவிட்டால் மாட்டுவது டிரைவர்தான். டிரெய்லர் பழக்கம் கிடையாது. வெளியூர்ப் பையன்கள் தங்க இடம் இல்லை. கழிப்பறை மோசம், இதை அவரிடமே சொன்னேன்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. டெஸ்ட் பாஸாகி ஹெவி ஏறிய பிறகு, நம் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு ஓனர்களுக்குப் பேசுவார். என் விஷயத்தில் அவர் ஆரம்பித்ததே இப்படித்தான்: “பையன் மேல 2023-ல குடிச்சு ஓட்டின கேஸ் ஒண்ணு இருக்குதுங்க, சஸ்பென்ஷன் முடிஞ்சு பேப்பர் எல்லாம் கையில இருக்குது, முப்பது நாளும் ஆறு மணிக்கு வந்தான், ஊதிட்டுத்தான் வண்டி ஏறினான்.” எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றாவதாகப் பேசிய சேந்தமங்கலத்து ஓனர் நேரில் வரச்சொன்னார்.

போனேன். ஃபைலைப் புரட்டினார், லைசென்ஸை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, மாஸ்டர் நோட்டின் என் பக்கத்து ஜெராக்ஸை மட்டும் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு நாள் வந்த நேரம் 6.25 என்று இருந்தது, ஏன் என்று கேட்டார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விட்டு வந்தேன் என்றேன். சரி, ரெண்டாவது டிரைவரா மூணு டிரிப்பு போ, முதல் டிரிப்பில் ராத்திரி ஸ்டியரிங் தொடக் கூடாது என்றார். இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர், திரும்பும்போது சோயாப் புண்ணாக்கு. முதல் டிரிப்புக்கு கைக்கு 7,000 வந்தது. தார்பாய் கட்டுவது, கயிறு முடிச்சு, எடைமேடைச் சீட்டு என்று எல்லா வேலையும் நான்தான். இப்போது ஆறாவது டிரிப் முடித்து வந்திருக்கிறேன், தனி வண்டி இன்னும் தரவில்லை, நான் அவசரப்படுத்தவும் இல்லை. கம்மலை மூன்றாவது டிரிப் பணத்தில் மீட்டாயிற்று.

கேஸ் ரொம்பப் புதிது என்றால் மாஸ்டர் உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை சாதாரண எல்எம்வி (கார்) லைசென்ஸிலேயே ஓட்டலாம், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது, அதனால் அப்படி ஒரு வண்டியில் ஒரு சலான்கூட இல்லாமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டு வா என்று அனுப்புவார். என்னோடு வந்த ஒரு பையனை அப்படித்தான் அனுப்பினார், அவனுக்குக் கோபம், ஆனால் இப்போது தக்காளி லோடு ஓட்டுகிறான், மாதம் ஒருமுறை மாஸ்டரைப் பார்த்துவிட்டுப் போகிறான். எரிவாயு டேங்கர் ஓட்ட ஆசைப்படுபவர்கள் இங்கே வர வேண்டாம், அதற்கு அபாயச் சரக்குப் பயிற்சி தனியாக முடிக்க வேண்டும், இவரிடம் அது இல்லை.

5-க்கு 4 கொடுக்கிறேன், ஒன்றைக் குறைத்தது பிஎஸ்6 சொல்லித்தராததற்காக. அடுத்த பேட்சுக்குத் தன் டாரஸை மாற்றிப் புது வண்டி எடுக்கப் பார்ப்பதாகச் சொன்னார். போகிறவர்கள் காலை ஆறுக்கு முன்னால் போய்ப் பாருங்கள், அதற்கப்புறம் அவர் வண்டியில் ஏறிவிடுவார், போன் எடுக்க மாட்டார். கோர்ட் காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.