மாட்டியதில் மிஞ்சியது: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் ஹிமாலயன் 411

டூரிங் பைக்கில் மாட்டும் எந்தப் பொருளையும் வாங்கிய வாரத்தில் எடை போடக்கூடாது. இரண்டு ஐப்பசி மழை தாண்டட்டும், ஒரு தடவை தனுஷ்கோடி உப்புக்காற்று படட்டும், வால்பாறை இறக்கத்தில் முழு லோடோடு ஒரு முறை இறங்கட்டும். அதற்குப் பிறகும் வண்டியில் இருந்தால் அது நல்ல பொருள். இந்தக் கணக்கில் என் வண்டியில் மாட்டியவற்றில் பாதிக்கு மேல் இன்று பரணில் கிடக்கின்றன. மிஞ்சியவை எவை, ஏன் என்பதையும், வீட்டில் செய்துகொள்ளும் பராமரிப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது. மாட்டும் ஒவ்வொன்றும் நாளைக்கு நாம் துடைத்து, முறுக்கி, சரிபார்க்க வேண்டிய இன்னொரு பொருள்தான்.

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஏபிஎஸ் வந்த 2018 மாடல். 24.5 பிஎஸ், 32 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர். நான்குவழிச் சாலையில் 90-ஐத் தாண்டி ரொம்ப நேரம் விரட்டினால் அதற்கும் பிடிக்காது, நமக்கும் பிடிக்காது. ஆனால் 78 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் விட்டம்) 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்பதால் குறைந்த வேகத்தில் நல்ல இழுவை உண்டு. திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகப் போய், காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அவசரப்படாமல் ஏறும். 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450 வேகத்தில் வேறு ரகம், ரேடியேட்டரோடு வரும் வண்டி. 411-ல் காற்றும் ஆயில் கூலரும்தான். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட்டும் ஸ்க்ரூ வகை. போர்ட்டிகோவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு இது பெரிய வசதி. அதைவிடப் பெரிய வசதி கம்பெனியே கொடுத்த சென்டர் ஸ்டாண்டு. செயின் வேலைக்குத் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டு தனியாக வாங்க வேண்டியதில்லை.

கருவிகளில் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டியவை இரண்டு: ஆலன் கீ செட், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச். மலிவான ஆலன் கீ, போல்ட்டின் தலையை வழுக்கிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டை முறுக்கினால் என்றாவது ஒருநாள் மரை போகும். அதிலும் ஆயில் டிரெயின் போல்ட். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு வாட்ஸாப்பில் வரும் எண்ணை நம்பாதீர்கள், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

வீட்டு வேலையில் அதிகப் பலன் தருவது செயின். ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கம்பெனியில் வைத்த கிரீஸை அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான் காக்கிறது. பெட்ரோல் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் வளையம் கெடும், கிரீஸ் வெளியேறும், அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து ஸ்பிரே வாங்கி அடித்தாலும் உள்ளே போகாது. மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும். துடைத்துக் காயவிட்டு 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாக, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவைத்துத் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போக ஒரு நொடி போதும். ஆயில் விடும் வேலையைக் கிளம்பும் காலையில் செய்யாமல் முந்தின நாள் சாயங்காலம் வண்டி ஓட்டி வந்த சூட்டோடு செய்தால் ராத்திரியில் ஊறிவிடும். காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் ரிம்மில் தெறிப்பதும் குறையும்.

செயின் டைட் விஷயத்தில் ஹிமாலயன் மாதிரியான வண்டிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பின் சஸ்பென்ஷன் 180 மில்லிமீட்டர் ஆடும். ஆள் உட்கார்ந்து, பையும் ஏறி, வண்டி அமுங்கும்போது செயின் தானாகவே இன்னும் இறுகும். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது கச்சிதமாகத் தெரிகிற செயின், லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். அதனால் சக்கரத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, எந்த இடத்தில் அதிகமாக இறுகுகிறதோ அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும். கொஞ்சம் தொய்வாக இருப்பதில் தப்பில்லை, இறுக்கமாக மட்டும் இருக்கக்கூடாது. ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகிவிட்டால் செயினை மட்டும் மாற்றிக் காசை வீணாக்காமல் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் மாற்றுவது எளிது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். வண்டி அறிமுகமானபோது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்றார்கள். நம் வெயிலுக்கும் மலை ஏற்றத்துக்கும் நான் அவ்வளவு தூரம் விடுவதில்லை. 15டபிள்யூ-50, ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தரக்குறியீடு) என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சின் அணைத்துச் சில நிமிடம் கழித்துக் கண்ணாடியில் அளவு பாருங்கள். டிரெயின் போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மெக்கானிக் கடைகளில் அதற்கென்று ஒரு டிரம் இருக்கும், கேனில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

டேப்பெட் சத்தம் பற்றி ஒரு வார்த்தை. லேசாக ‘டிக் டிக்’ என்று கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் திடீரென்று ரொம்ப அமைதியாகிவிட்டால்தான் யோசிக்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் கருகும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கும் வேலை இது. முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முன்சக்கரம் 21 இன்ச். நம் ஊர் வேகத்தடைகளும் பெயர்ந்த தார்ச்சாலையும் சேர்ந்து, ஹேண்டில் திரும்பும் கழுத்திலிருக்கும் பேரிங்கான கோன் செட்டைத் தின்னும். எந்த வண்டிக்கும் அது தேய்கிற பொருள்தான். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி, முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பியதும் ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி உணர்ந்தால் கோன் செட் முடிந்தது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக்’ என்றால் லூஸ். நான் அடுத்த தடவை மாற்றும்போது டேப்பர் ரோலர் பேரிங் போட்டுக்கொண்டேன். வண்டியில் செய்த மாற்றங்களில் யார் கண்ணுக்கும் தெரியாதது இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். பழைய கப்பைத் தட்டி எடுத்துப் புதியதை நேராக இறக்குவதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டேன்.

பிரேக்கிலும் வீட்டு வேலைக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறேன். பேட் மாற்றுவது, காலிப்பர் பின்னைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைப்பது வரை நான். டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டிய ஆயிலுக்கு, ஈரம் ஏறிய நிலையில் தரநிலை கேட்பது 155 டிகிரிதான். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 வளைவு இறங்கும்போது இதன் அர்த்தம் லீவரில் தெரியும், பஞ்சை அமுக்குகிற மாதிரி உள்ளே போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றிவிடுகிறேன். மேலே கப்பில் ஆயில் தீராமல் பார்த்துக்கொண்டே கீழே பழையதை வெளியே விட்டால் வீட்டிலேயே முடியும். கப் காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் சர்வீஸ் சென்டர்தான், அதில் வீரம் வேண்டாம். ஒரு சொட்டு டேங்க்கில் பட்டாலும் பெயிண்ட் உரியும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

சரி, மாட்டியவற்றுக்கு வருவோம்.

முதலில் கழற்றியது கூடுதல் விளக்குகள். விளக்கில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை, வயரிங்தான் சிக்கல். கடையில் மாட்டிக் கொடுத்தவர் ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டார். அடுத்த மழையில் அந்த முறுக்கலுக்குள் பச்சை பூத்திருந்தது. இப்போது இருப்பது நானே இழுத்த வயரிங். பேட்டரியிலிருந்து நேராக பியூஸ், அதிலிருந்து ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய லைனை இயக்கும் சுவிட்ச்), ரிலேக்கு சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து சின்ன சிக்னல். எர்த் வயரையும் சேஸிஸில் கட்டாமல் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோய்விட்டேன். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட், 12 வோல்ட்டுக்குச் சுமார் 3.3 ஆம்பியர். ஐந்து ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் போகிறதே என்று பெரியதை மாட்டினால் அடுத்து எரிவது வயர். ஸ்டியரிங் கழுத்தருகே வயருக்குத் தாராளமாக நீளம் விடுங்கள், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி அங்கேதான் அறும். மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமலும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டினால் பேட்டரி விஷயத்தில் நிம்மதியாகத் தூங்கலாம். விளக்கின் வெளிச்சத்தைத் தாழ்த்தி வையுங்கள். எதிரில் டிவிஎஸ் 50-ல் வருகிற பெரியவருக்கும் ரோடு தெரிய வேண்டும். ஹெட்லைட் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்இடி பல்பு செருகுவதும் இதே வகை. உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைக்கென்று வளைக்கப்பட்டது. வெளிச்சம் சிதறும், கிடைப்பது குறைவு.

போன் ஹோல்டரும் போய்விட்டது. சக்திவாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. இப்போது போன் பையில், வழி காதில். பழகிவிட்டது.

ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் நின்று ஓட்ட வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது கிளட்ச் கேபிள் இழுபட்டது. நீளக் கேபிள், நீள பிரேக் ஹோஸ் என்று அடுத்தடுத்து மாற்ற வேண்டிய பட்டியல் நீண்டது. கழற்றிவிட்டேன்.

அலுமினியப் பெட்டிகள் படத்தில் அழகு. திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள், அகலம் தெரியும். வெறும் பெட்டியே கனம். அந்தக் கனமும் பின் அச்சுக்குப் பின்னால் போய் உட்காருவதால் முன்பக்கம் லேசாகி, மலையேற்றத்தில் ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும். இப்போது துணி சேடில் பேக்தான். மழைக்கு மேலே உறை போட்டாலும் தண்ணீர் போகும். உள்ளே தடித்த பாலிதீன் பையில் துணியைக் கட்டி வைத்தால் கவலை இல்லை. தாங்கு கம்பியின் போல்ட்டுகளை மட்டும் பயணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு சுற்றுப் பார்ப்பேன்.

சீட்டுக்கு மேலே ஜெல், காற்று மெத்தை என்று பலதும் போட்டுப் பார்த்தபிறகு, சீட் தைக்கும் பாயிடம் கொண்டுபோனேன். “இன்னும் கொஞ்சம் மெத்துன்னு போடுங்க பாய்” என்றேன். “தம்பி, மெத்துன்னு போட்டா அம்பது கிலோமீட்டர் சொகமா இருக்கும். அப்புறம் அமுங்கி அடிப்பலகையிலதான் உக்காருவீங்க” என்று சொல்லி, அடியில் கெட்டியான ஃபோம், மேலே மட்டும் ஒரு விரல் மென்மையானது என்று வைத்து, முன்னால் சரிவை எடுத்துவிட்டார். மதிய நேரத்தில் முட்டு வலிக்கவில்லை, இடுப்பும் நழுவவில்லை. செலவழித்த காசில் ஆகச் சிறந்தது இது. பராமரிப்பு என்று எதுவும் கிடையாது.

சைலன்சரை மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒரு பக்கம். நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் தலைதான் வலிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

தனுஷ்கோடி போகிறவர்களுக்கு ஒன்று. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு வண்டியோடு கடல் பக்கம் போய் நிற்பது சுலபம், உப்பு ஏறுவதும் சுலபம். அன்று சாயங்காலமே ராமேஸ்வரத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரால் ஸ்போக், ரிம், செயின், ஃபோர்க் எல்லாம் கழுவிவிடுங்கள். ஊருக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன் என்றால் உப்பு அதற்குள் வேலையை முடித்திருக்கும். வாட்டர் சர்வீஸ் விட்டாலும் ஹப், ஸ்டியரிங் கழுத்து, பின் சஸ்பென்ஷன் இணைப்பான லிங்கேஜ் பக்கம் பிரஷரைக் காட்ட வேண்டாம் என்று நின்று சொல்லுங்கள். லிங்கேஜ் பேரிங்கைக் கழற்றி கிரீஸ் வைக்க ஒரு முழு ஞாயிறு ஆகும்.

கடைசியாக ட்யூப். 411-ன் ஸ்போக் சக்கரத்தில் ட்யூப்தான். வழியோரப் பஞ்சர் கடையில் முன்சக்கரத்துக்கான 21 இன்ச் ட்யூப் கிடைப்பது அரிது, அதனால் அதையே எப்போதும் கையில் வைத்திருக்கிறேன், கூடவே இரண்டு டயர் லீவர், ஒரு கைப்பம்பு. பின்சக்கரத்தில் ட்யூப் கிழிந்து ஒட்ட முடியாமல் போனால் இந்த 21 இன்ச் ட்யூபையே 17 இன்ச்சுக்குள் மடிப்பு விழாமல் பரப்பி வைத்து மெதுவாக ஓட்டி ஊர் போய்ச் சேரலாம். 17-ஐ 21-ல் போட முடியாது. ஊரில் சரியான ட்யூப் கிடைத்ததும் மாற்றிவிட வேண்டும். அதற்குள் 50-ஐத் தாண்ட வேண்டாம்.